அறுபத்து நான்கு எக்ஸும் ஒரு வாத்தியாரும்

"எத்தனை பேரு வருவீங்கன்னு கேக்கறதா? அதுக்கு மூஞ்சியில தண்ணிய எறைச்சு ஊத்திப் போடலாமுங் சாமி," என்றார் குப்பண்ணன்.

கேட்கலாமே என்று சொன்னவர் முத்துசுவாமி வாத்தியார். கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர், வயது இருபத்தாறு. பூவம்பதியில் புதிதாகத் திறந்த பள்ளிக்கூடத்தில் அல்ஜீப்ரா சொல்லிக்கொடுக்க வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் நான்காம் வகுப்போடு நின்றுகொண்டிருந்ததால் அல்ஜீப்ராவை அவர் யாருக்கும் இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை. குப்பண்ணன் வீட்டு மச்சு அறையில் குடியிருந்துகொண்டு, தனக்குத் தானே கணக்குப் போட்டுத் தானே திருத்தி வந்தார்.

குப்பண்ணனின் சிக்கல் இதுதான். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கட்டிய புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். மதியம் விருந்து. எத்தனை பேருக்குச் சமைப்பது என்று தெரியவில்லை. வேலந்தாவளத்திலிருந்து கொழிஞ்சாம்பாறை வரைக்கும் அந்தப் பக்கத்தில் விருந்துக்கு ஒற்றை ஆளை அழைப்பதில்லை. "ஊட்டோட வந்துருங்க" என்பதுதான் அழைப்பு. வீட்டோடு என்றால் எத்தனை பேர் என்று கேட்பவன், எண்ணிச் சோறு போடுகிறவன். அவன் வீட்டில் அப்புறம் யாரும் கை நனைக்க மாட்டார்கள்.

கேட்காமல் உத்தேசமாகச் சமைத்து ஒரு முறை குப்பண்ணன் பட்டாயிற்று. நான்கு வருடத்துக்கு முன் மூத்த மகள் கல்யாணத்தில் மூன்றாம் பந்தி உட்கார்ந்தபோது சோறு தீர்ந்துபோனது. அன்று முதல் ஏழு ஊரில் அவருக்கு 'மூணாம் பந்தி' என்று பெயர். சந்தையில் எருமை விற்கப் போனால்கூட, "ஆரு, மூணாம் பந்தி எருமையா? நாலாவது ஆளுக்குப் பால் கறக்குமா?" என்று கேட்டார்கள். பாதி அந்தப் பெயரைத் தொலைப்பதற்காகத்தான் அவர் இந்த வீட்டையே கட்டினார்.

"கேக்கவும் கூடாது, தெரியவும் வேணும். அவ்வளவுதானே?" வாத்தியாரின் கண்கள் பளபளத்தன. "இதுக்காக்கும் அல்ஜீப்ரா. அழைக்கப்போற வீடு எத்தனை?"

குப்பண்ணன் புளியமரத்தடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பழனிச்சாமி! அழைக்கற ஊடு எத்தனைய்யா?"

பழனிச்சாமி எழுந்து வந்தார். ஊரில் எந்த விசேஷத்துக்கும் வெற்றிலை பாக்குப் பையோடு வீடு வீடாகப் போய்ச் சேதி சொல்கிறவர் அவர். சொன்னதைச் செய்வார், சொல்லாததைச் செய்யமாட்டார் என்று நல்ல பெயர் வாங்கியவர்.

"அறுபத்து நாலுங்க," என்றார் பழனிச்சாமி. "அப்பறம் நானு…"

"இருய்யா, கணக்கு முடியட்டும்."

பழனிச்சாமி திரும்பிப் போய் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

"அறுபத்து நாலு!" வாத்தியார் சாக்கட்டியை எடுத்துப் புது வீட்டுக் கதவில் எழுதினார். "ஒரு வீட்டிலேர்ந்து எத்தனை பேர் வருவான்னு தெரியாது. அதனாலே எக்ஸுன்னு வெச்சுக்கறோம். மொத்தம் அறுபத்து நாலு எக்ஸ்."

"எக்ஸுங்கறது ஆருங்?"

"யாருமில்லே. தெரியாததுக்கு ஒரு பேர்."

"தெரியாத ஆளுக்கெல்லாம் நா எதுக்குங் சோறு போடோணும்?"

வாத்தியார் பொறுமையாக விளக்கினார். எக்ஸ் ஆள் அல்ல, எண். இப்போதைக்கு முகம் தெரியாத எண். கணக்கு முடியும்போது திரையை விலக்கிக்கொண்டு வரும். குப்பண்ணன் கதவில் இருந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கையைக் காலை விரித்து, பாய் போட்ட இடத்தில் மல்லாந்து கிடக்கிற ஆள் மாதிரிதான் அது இருந்தது. நன்றாகச் சாப்பிட்ட ஆள்.

"சாமி, நீங்களும் விருந்துக்கு வரோணும்," என்று சொல்லி, உள்ளே போய்த் தட்டில் வெற்றிலை பாக்கு எடுத்து வந்து வாத்தியாரிடம் நீட்டினார். "எங்க பக்கத்துல வெத்தலை பாக்கு வெக்காம வாயில சொன்னா அது அழைப்பே இல்லீங். கூடப் பொறந்தவனே வாசல் மிதிக்க மாட்டான்."

"கல்பாத்திக்குச் சேதி போகாதுன்னா வரேன்," என்று வாத்தியார் வாங்கிக்கொண்டார். பிறகு கதவுக்குத் திரும்பி, அறுபத்து நாலு எக்ஸுக்குப் பக்கத்தில் கூட்டல் குறி போட்டு ஒன்று என்று எழுதினார். "அந்த ஒண்ணு நானாக்கும். எக்ஸ் மாறும், ஒண்ணு மாறாது."

*

எக்ஸைக் கண்டுபிடிக்கிற வழியை வாத்தியார் அன்று சாயங்காலமே பிடித்தார். மாரியம்மன் பொங்கலுக்கு இதே அறுபத்து நாலு வீட்டிலும் தலைக்கு ஒரு தேங்காய் மூடி கொடுப்பது வழக்கம். போன சித்திரையில் உடைத்தது இருநூற்றெட்டுக் காய் என்று குப்பண்ணனுக்கே நினைவிருந்தது.

"அப்போ மூடி நானூத்திப் பதினாறு. அறுபத்து நாலாலே வகுத்தா…" சாக்கட்டி கதவில் இழுபட்டது. "எக்ஸ், ஆறரை!"

குப்பண்ணன் விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தார்.

"ஆறு ஆளு செரி," என்றார் குப்பண்ணன். "அரை ஆளு எப்பிடிங் வருவான்?"

"வரமாட்டான். மனுஷா முழு எண்ணாக்கும். பூஜ்யம், ஒண்ணு, ரெண்டுன்னு போகும். நடுவிலே அரை, கால் கிடையாது."

"பூச்சியமுமா? பூச்சியம் பேரு திங்க வருவாங்களா?"

"விருந்துக்கு வருமோ என்னவோ, கணக்குக்கு வரும்."

குப்பண்ணன் மனைவி முத்தாத்தாள் முறத்தோடு வந்து நின்றாள். "சின்னப் புள்ளைகளத்தான் அரை ஆளுன்னு சொல்லுதாக்கு?"

"எங்கக்கா பேரன் அரை ஆளா? அவன் ரெண்டு ஆளு சோறு திம்பான்," என்றார் குப்பண்ணன். "சாமி, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். அந்த அரை, இடுப்புக்கு மேலயா, கீழயா?"

"எதுக்கு?"

"மேல்பாதின்னா திங்குமுங்களே."

வாத்தியார் யோசித்தார். இந்தக் கேள்வி எந்தப் புத்தகத்திலும் இல்லை. கடைசியில் ஆறரையை ஏழாக்கிவிடுவது என்று முடிவாயிற்று. ஏழு முழு எண், யாரையும் வெட்ட வேண்டாம். நானூற்று நாற்பத்தெட்டுப் பேர். வாத்தியாரோடு நானூற்று நாற்பத்தொன்பது.

அத்தோடு சாக்கட்டியைக் கீழே வைத்திருந்தால் இந்தக் கதை இல்லை.

"கணக்கு முடிஞ்சுதுங்களா?" என்று மரத்தடியிலிருந்து பழனிச்சாமி கேட்டார். பையைத் திறந்து வெற்றிலைமேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

குப்பண்ணன் வாய் திறப்பதற்குள் முத்தாத்தாள் முந்திக்கொண்டாள். "ஏனுங், அன்னைக்குக் கல்யாணத்துலயும் ஊட்டாளுக வந்ததுனாலயா சோறு தீந்துது? ஒரம்பரை வந்ததுனாலதானே தீந்துது?"

குப்பண்ணன் முகம் வெளுத்தது. ஒரம்பரை என்றால் வந்து தங்கியிருக்கும் உறவுக்காரர்கள். தை மாதம், அறுப்பு முடிந்து எல்லார் வீட்டிலும் ஒரம்பரை இருக்கிற காலம். வீட்டோடு வா என்றால் ஒரம்பரையோடுதான் வருவார்கள்.

"முடியலை பழனிச்சாமி, நீ போயி எலை அறுக்கற வேலையப் பாரு," என்றார்.

வாத்தியாருக்கு வருத்தமே இல்லை. எட்டு மாதமாக அவர் காத்திருந்த இடம் இதுதான். "ஒவ்வொருத்தருக்கும் ஒரு சொந்தக்கார வீடு உண்டோ இல்லையோ? அந்த வீட்டிலும் எக்ஸ் பேர்தானே? அப்போ எக்ஸ் பேரும் ஆளுக்கு எக்ஸ் பேரை அழைச்சுண்டு வந்தா, எக்ஸை எக்ஸாலே பெருக்கணும்." எக்ஸின் வலது தோள்மேல் குட்டியாக ஓர் இரண்டை உட்கார்த்தினார். "இதுக்கு அடுக்குன்னு பேர். மனசிலாச்சோ?"

"அந்தக் குட்டி ரெண்டு எத்தனை ஆளச் சேத்துதுங்?"

"ஏழேழு நாப்பத்தொம்பது. அறுபத்து நாலு நாப்பத்தொம்பது, மூவாயிரத்து நூத்தி முப்பத்தாறு."

குப்பண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டார். "இத்தனூண்டு இருந்துட்டு இந்த வேலை பண்ணுதே! சாமி, அந்த ஒரம்பரைக்கும் ஒரு ஒரம்பரை இருக்குமுங்களே?"

வாத்தியார் இரண்டை அழித்து மூன்று போட்டார். இருபத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு வந்தது. முத்தாத்தாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, அதிலேயே உட்கார்ந்தாள்.

"அத்தனை ஜனம் இந்தத் தாலூக்காவிலே இருக்கான்னே சந்தேகம்," என்று வாத்தியாரே பயந்து மூன்றை அழித்துப் பழையபடி இரண்டைப் போட்டார். இருபத்தோராயிரத்துக்குப் பிறகு மூவாயிரம் கையடக்கமாகத் தெரிந்தது. அப்படித்தான் அது நிலைத்தது.

*

மூவாயிரத்து நூற்று முப்பத்தாறு பேர் நூறு நூறாக உட்கார்ந்தால் முப்பத்திரண்டு பந்தி ஆகும். கடைசிப் பந்தி எழுந்திருக்கும்போது சனிக்கிழமை சாயங்காலம் ஆகிவிடும். மூன்றாம் பந்திக்கே பெயர் வைத்த ஊர், முப்பத்திரண்டாம் பந்திக்கு என்ன வைக்குமோ?

"ஒரே பந்தி!" என்று வாத்தியார் மச்சிலிருந்து இறங்கி ஓடிவந்தார். "ஐம்பத்தாறு வரிசை, வரிசைக்கு ஐம்பத்தாறு பேர். கச்சிதமா வருது கவுண்டரே! சதுரமாவே உக்காரலாம். என் இலை மட்டும் சதுரத்துக்கு வெளியிலே."

சதுரத்துக்குப் பந்தல் போட இடம் போதவில்லை. மாட்டுக் கொட்டகையைப் பிரித்தார்கள். மாடுகளைக் கட்ட இடமில்லாமல் புது வீட்டுக்குள் கட்டினார்கள். அந்த வீட்டில் முதலில் குடிபுகுந்தவை மூன்று எருமைகளும் ஒரு கன்றும்தான். ஊரிலிருந்த வாழைத் தோட்டங்களில் இலை அறுத்து முடித்தபோது மரங்கள் வெறும் தண்டாக நின்றன.

பிறகு பாத்திரம். அதை ஊருக்குள்தான் இரவல் வாங்க வேண்டும். குப்பண்ணன் வண்டி கட்டிக்கொண்டு அறுபத்து நாலு வீட்டுக்கும் போனார். முதலில் தங்கை மயிலாத்தாள் வீடு.

"உங்க ஊட்டுப் பெரிய அண்டா வேணும் மயிலு."

"எடுத்துக்கங்க." அவள் நெல் காயப் போடுவதை நிறுத்தவில்லை. "அண்டாவுக்கு மட்டுந்தான் வந்தீங்களாண்ணா?"

குப்பண்ணன் யோசித்தார். "குண்டான் இருந்தாலும் குடு."

"இருக்குது. பாத்திரத்துக்காச்சும் எங்க நெனப்பு வந்துதே, அது வரைக்கும் செரி."

கல்யாணத்தன்று மூன்றாம் பந்தியில் வெறும் இலையோடு உட்கார்ந்திருந்தவர்களில் இவள் புருஷனும் ஒருவன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை என்று குப்பண்ணனுக்குப் பட்டது. "மயிலு, இந்தத் தாட்டி ஒரு பருக்கை கொறையாது. பாரேன், எத்தனை பேரு வந்தாலும் பத்தும்!"

"ஆருக்கோ பத்தட்டும்," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

மற்ற வீடுகளிலும் அப்படியே. பாத்திரம் கொடுத்தார்கள், முகம் கொடுக்கவில்லை. பெரியமுத்து என்ற பங்காளி மட்டும், "வேறொண்ணும் சொல்றதுக்கில்லியா?" என்று கேட்டார். குப்பண்ணன், "மூடி இருந்தாலும் குடு," என்றார். பெரியமுத்து மூடியை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

புதன்கிழமைக்குள் ஊரிலிருந்த பாத்திரமெல்லாம் குப்பண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. யார் வீட்டிலும் ரசம் வைக்கக்கூடக் கிண்ணம் மிஞ்சவில்லை.

"சனம் ஏனோ மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருக்குதுங் சாமி," என்று குப்பண்ணன் வந்து சொன்னார். "ஆரும் சிரிக்க மாட்டேங்கறாங்க. விருந்தப் பத்தி ஒரு வார்த்தை பேசறதில்லை."

வாத்தியார் இதைக் கணக்காகப் பார்த்தார். "பசியை மிச்சம் பிடிக்கறாளாக்கும். போன தடவை கிடைக்காததையும் சேர்த்துச் சாப்பிடலாம்னு. நாம தலைக்கு அரைப்படி அரிசின்னு வெச்சோம். அது தப்பு. தலைக்கு எவ்வளவுங்கறதும் தெரியாத எண்தான். அதுக்கு ஒய்யின்னு பேர் வெச்சுடலாம்."

"இன்னொருத்தனா!"

ஒய் ஒரு படி என்று முடிவாயிற்று. அரிசி இருமடங்காகிவிட்டது. களஞ்சியம் காலியாகி, குப்பண்ணன் விதைநெல் வைத்திருந்த பத்தாயத்தின் மூடியில் கையை வைத்தபோது, முத்தாத்தாள் ஓடிவந்து அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எறங்கு புள்ள."

"முடியாதுங். உங்க எக்ஸு வந்து எறக்கட்டும்."

"மானம் போயிருமடி!"

"மானம் போனா அடுத்த வருசம் வரும். விதை போனா எதை வெதைப்பீங்க? ஒய்யவா?"

குப்பண்ணன் கெஞ்சினார். வாத்தியார் கதவில் எழுதிக் காட்டினார். அவள் இறங்கவில்லை. சாப்பாட்டைக்கூடப் பத்தாயத்தின்மேலேயே சாப்பிட்டாள். விதைநெல்லுக்குப் பதிலாக நல்லேப்பிள்ளியிலிருந்த மாமனார் வீட்டு நெல்லை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து குத்தினார்கள். வந்த அரிசியைக் கொட்ட இடமில்லாமல் புது வீட்டில் எருமைகளுக்குப் பக்கத்திலேயே குவித்தார்கள். எருமைகளுக்கு அந்த வீடு மிகவும் பிடித்துப்போயிற்று.

வியாழக்கிழமை காலை பழனிச்சாமி இலைக்கட்டுகளை இறக்கிவைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "ஏனுங், கணக்கு…"

"அடுப்பு வெட்டற நேரத்துல கணக்கப் பத்தி எங்கிட்டப் பேசாதய்யா!" என்று குப்பண்ணன் கத்தினார். "போ, போயி கெணத்துல தண்ணி சேந்து."

பழனிச்சாமி தண்ணீர் சேந்தப் போனார்.

*

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் எருமைகளை ஒதுக்கிவிட்டுப் பால் காய்ச்சினார்கள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. நல்ல சகுனம் என்று குப்பண்ணன் மகிழ்ந்தார்.

சந்தனம் என்ற தலைமைச் சமையல்காரர் இருபத்தெட்டு அடுப்பில் வேலை நடத்தினார். சோற்றைக் கொட்டப் பாய் போதாமல் பந்தலுக்குப் பின்னால் களத்தையே மெழுகிக் கொட்டினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஊருக்குள் ஒரு வெள்ளைக் குன்று முளைத்த மாதிரி இருந்தது. பதினோரு மணிக்கு இலை போட்டு முடிந்தது. ஐம்பத்தாறு வரிசை, வரிசைக்கு ஐம்பத்தாறு. சதுரத்துக்கு வெளியே, வடகிழக்கு மூலையில், தனியாக ஓர் இலை. அதன் முன்னால் முத்துசுவாமி வாத்தியார் குளித்து விபூதி இட்டு உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு யாரும் வரவில்லை.

"ஒண்ணாச் சேந்து வருவாங்களாட்ட இருக்குது," என்றார் குப்பண்ணன்.

பன்னிரண்டரைக்குக் காற்று அடித்து மூன்று வரிசை இலையைப் புரட்டிப் போட்டது. ஆட்கள் ஓடி மறுபடி விரித்தார்கள். ஒரு மணிக்கு ஒரு நாய் வந்து பந்தலைப் பார்த்தது. சதுரத்தின் அளவைக் கண்டு அதற்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும், திரும்பிப் போய்விட்டது.

குப்பண்ணன் மச்சில் ஏறிப் பார்த்தார். வீதியில் மயிலாத்தாள் வீட்டு வாசல் தெரிந்தது. பெரியமுத்து வீட்டு வாசலும் தெரிந்தது. ஆட்கள் வெளியேதான் இருந்தார்கள். வெள்ளை வேட்டிகூடக் கட்டியிருந்தார்கள். எல்லோரும் பந்தல் இருந்த பக்கம் மூக்கைத் திருப்பி வாசனை பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. அவர்கள் வீட்டில் சமைக்கவும் பாத்திரம் கிடையாது.

அவர் படியிறங்கி வந்தார். சோறு தீர்ந்துபோன விருந்துக்கு 'மூணாம் பந்தி' என்று பெயர். ஆளே வராத விருந்துக்கு என்ன பெயர் வைப்பார்கள்? அந்தப் பெயரோடு பேரன் காலம் வரைக்கும் சந்தைக்குப் போக வேண்டுமே!

"சாமி," என்றார், "கணக்குல எங்கியாச்சும் தப்புங்களா?"

வாத்தியார் இலையை விட்டு எழுந்து, புது வீட்டுக் கதவுக்குப் போய், முதலிலிருந்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். தேங்காய் சரி. வகுத்தது சரி. தோளில் இருந்த இரண்டு சரி. இரண்டு முறை பார்த்தார்.

"கணக்கு சரியாக்கும் கவுண்டரே. ஒண்ணு வந்தாச்சு," என்று தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். "எக்ஸ்தான் வரலை."

"எம் மேல அத்தனை கோவமாங் ஊருக்கு? கூடப் பொறந்தவளுக்குமா? நாலு வருசமா ஒரு சோத்துக்கு…" குப்பண்ணன் சோற்றுக் குன்றின் அடியில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். உள்ளே பத்தாயத்தின்மேலிருந்து முத்தாத்தாள், "ஏனுங், எல்லாரும் தின்னாச்சா? நா எறங்கலாமா?" என்று கேட்டாள்.

வாத்தியார் சாக்கட்டியைக் கதவின் கீழ்ப்படியில் வைத்தார். "முடிஞ்சுது," என்றார். "இனிமே போட இந்தக் கணக்கிலே ஒண்ணுமில்லே."

புளியமரத்தடியில் யாரோ எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. பழனிச்சாமி வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். எட்டு நாளாகத் தண்ணீர் தெளித்து வாடாமல் காத்த வெற்றிலைப் பையைத் தோளில் மாட்டினார். வாய் நிறையச் சிரிப்போடு குப்பண்ணன் முன்னால் வந்து நின்றார்.

"கணக்கு முடிஞ்சுதுங்களா? அப்ப நா போயி அறுபத்து நாலு ஊட்டையும் அழைச்சுப்போட்டு வந்துரட்டுங்களா?"